பதினொரு மணித்தியாலம் பறந்து எங்கே போனாய்?

உலகத்தில் பொழுதுபோக்குகளுக்குக் குறைவில்லை. தபால் முத்திரை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள். தையலும் பின்னலும் நம் வீடுகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால், பொழுதுபோக்கின் நடுவிலேயே “இனி இந்தப் பொழுதை எப்படிப் போக்குவது?” என்று கேட்க வைக்கும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. வீட்டுக் கணினியில் நெடுந்தூர விமானம் ஓட்டுவதுதான் அது.

பிளைட் சிமுலேட்டர் என்ற மென்பொருளைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கணினித் திரை விமானியின் அறையாக மாறுகிறது. விமானத்தின் எடை, எரிபொருள், காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் கணக்கிட்டே அது அசைகிறது. கட்டுநாயக்கவில் புறப்பட்டு இலண்டன் ஹீத்ரோவில் இறங்க எயார்பஸ் ஏ330 விமானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 11 மணித்தியாலம் எடுக்கும். சிமுலேட்டரிலும் அதே 11 மணித்தியாலம்தான். புறப்பட்டு உயரத்துக்கு ஏற அரை மணித்தியாலம் போகும். இறங்கித் தரைதொட இன்னோர் அரை மணித்தியாலம் போகும். நடுவில் மிச்சமிருப்பது பத்து மணித்தியாலம். அந்த நேரம் முழுவதும் விமானத்தை ஓட்டோபைலட் பார்த்துக்கொள்கிறது. திரையில் மேகமும் நீலமும் தவிர வேறெதுவும் மாறுவதாகத் தெரியாது.

இந்தப் பத்து மணித்தியாலத்தை என்ன செய்வது என்பதில்தான் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் பிரிந்து நிற்கிறார்கள். சிலர் நேரத்தை வேகமாக்கும் விசையை அழுத்துகிறார்கள். 16 மடங்கு வேகத்தில் பத்து மணித்தியாலம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிலர் இரவு புறப்பட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறார்கள். இறங்க வேண்டிய இடம் நெருங்கியதும் விமானம் தானாகவே நின்று காத்திருக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. இன்னும் சிலர் கணினியை அப்படியே விட்டுவிட்டுச் சமைக்கிறார்கள், உடுப்புத் தோய்க்கிறார்கள், படம் பார்க்கிறார்கள். இதைப் பார்க்கும் பெற்றோர் கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான்: “பதினொரு மணித்தியாலம் பறந்து எங்கே போனாய், மகள்? இருந்த கதிரையில்தானே இருக்கிறாய்?”

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்பதே என் கருத்து. அந்தப் பத்து மணித்தியாலம் தாண்டிப் போக வேண்டிய வெற்றிடமல்ல. சிமுலேட்டர் நமக்குக் கற்றுத்தரக்கூடியவற்றில் பெறுமதி மிக்கது அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அதை விசையால் வெட்டுபவரும், ஆளில்லாமல் விட்டுப் போகிறவரும் அதை இழக்கிறார்கள். ஒன்றும் நடக்காத நேரத்திலும் பொறுப்போடு இருக்கப் பழகுவது என்பதுதான் அந்தப் பாடம்.

முதலில் இந்தக் கருவியின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் நிலத்தில் இருந்தபடியே பறக்கப் பழகும் பயிற்சிக் கருவி ஒன்றை அமைத்தார். ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளையே தம் கருவியைச் சாய்க்கவும் திருப்பவும் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான விமானிகள் அதில் பயிற்சி பெற்றார்கள். 1979இல் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் அதே எண்ணத்தை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தார். 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. 2020 ஓகஸ்டில் வந்த அதன் பதிப்பில் செய்மதிப் படங்களைக் கொண்டு முழு உலகமும், 37,000 விமான நிலையங்களும் இடம்பெற்றன. உடுவிலில் இருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கும் நம் பலாலியும் அவற்றுள் ஒன்று.

இது பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. 1990களின் இறுதியில் தொடங்கிய பிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இன்றும் இலவசம். பழைய கணினியிலும் அது ஓரளவு ஓடும். படம் அழகு குறைவாக இருக்கலாம், கணக்கில் குறைவில்லை.

நெடுந்தூரப் பறப்பின் காத்திருப்பு நம் நாட்டுக்குப் புதியதுமல்ல. உலக விமான வரலாற்றில் மிக நீண்ட நேரப் பயணிகள் சேவை இந்தத் தீவில்தான் வந்து இறங்கியது. 1943இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வழக்கமான வான்வழி அறுந்துபோயிற்று. அப்போது குவாண்டாஸ் நிறுவனம் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக் களப்புக்கும் இடையே கற்றலீனா என்ற நீர்விமானங்களை ஓட்டியது. தூரம் 5,600 கிலோமீற்றருக்கு மேல். வேகமோ மணித்தியாலத்துக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். ஒரு பயணம் 27 முதல் 32 மணித்தியாலம் வரை எடுத்தது. பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. மிச்ச எடை முழுவதும் எரிபொருளுக்கே தேவைப்பட்டது. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வானொலியில் பேசுவதும் கிடையாது. நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை 271 தடவை இந்து சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை.

அந்த முப்பது மணித்தியாலத்தை அவர்கள் எப்படிப் போக்கியிருப்பார்கள்? மேலே நட்சத்திரம், கீழே இருட்டுக் கடல், பேச யாருமில்லை. ஆனாலும் வழிகாட்டி நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, வரைபடத்தில் புள்ளி குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புள்ளி பிழைத்தால் இலங்கை என்ற சின்னத் தீவே தவறிப்போகும். அவர்களுக்கு அது பொழுது போக்கும் நேரமல்ல, பொழுதைக் காக்கும் நேரம். இந்தச் சொற்களின் வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இக்காலத்து விமானங்களில் கணினி எல்லாவற்றையும் பார்க்கிறதே என்று சிலர் கேட்கலாம். இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன்.

2009 ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்து மினியாபொலிஸ் நகரத்துக்கு நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் ஒன்று பறந்தது. ஓட்டோபைலட் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு விமானிகளும் தங்கள் மடிக்கணினிகளைத் திறந்து, நிறுவனத்தின் புதிய பணி அட்டவணையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தரையில் இருந்து அழைத்த அழைப்பு எதற்கும் பதில் போகவில்லை. இறங்க வேண்டிய நகரத்தையே 160 கிலோமீற்றருக்கு மேல் தாண்டிப் போன பிறகுதான் அவர்களுக்கு உணர்வு வந்தது. பயணிகள் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். விமானிகள் இருவரும் உரிமத்தை இழந்தார்கள். இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. கவனம் மட்டுமே பழுதானது.

மற்றது 2001 ஓகஸ்ட் 24ஆம் திகதி நடந்தது. கனடாவின் டொரொன்டோவில் இருந்து போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனுக்கு எயார் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானம் 306 பேரோடு அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. நடு இரவில் ஒரு பக்க இயந்திரத்தின் குழாயில் எரிபொருள் கசிந்தது. இரண்டு பக்க எரிபொருளும் சமமாக இல்லை என்பதைக் கண்ட விமானிகள், அது கசிவுதான் என்பதை உடனே உணரவில்லை. சமப்படுத்த முயன்றபோது நல்ல பக்கத்து எரிபொருளும் கசிந்த பக்கத்தால் வெளியேறியது. கடைசியில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ 19 நிமிடம் இயந்திரமே இல்லாமல் மிதந்து வந்து அசோர்ஸ் தீவொன்றில் இறக்கினார்கள். அனைவரும் உயிர் தப்பினார்கள். இறக்கிய திறமையை உலகம் புகழ்ந்தது. ஆனால் விசாரணை கேட்ட கேள்வி, ‘ஒன்றும் நடக்காத’ அந்த நேரத்தில் எரிபொருள் கணக்கு என்ன சொன்னது, அதை எப்போது புரிந்துகொண்டார்கள் என்பதே.

ஆகவே, நெடுந்தூர விமானி பத்து மணித்தியாலம் சும்மா இருப்பதில்லை. வழியில் குறித்த ஒவ்வோர் இடத்தையும் கடக்கும்போது, திட்டத்தில் இருக்க வேண்டிய எரிபொருளையும் தாங்கியில் இருக்கும் எரிபொருளையும் ஒப்பிட்டு எழுதுகிறார். இத்தகைய பெரிய விமானம் மணித்தியாலத்துக்கு 5 முதல் 6 தொன் எரிபொருள் எரிக்கும். எரிய எரிய விமானத்தின் எடை குறையும். எடை குறைந்தால் இன்னும் உயரத்துக்கு ஏறலாம். எப்போது ஏறுவது என்பதும் ஒரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் மனதில் ஓயாமல் ஒரு கேள்வி இருக்கும்: “இந்த நிமிடம் ஓர் இயந்திரம் நின்றால் நான் எங்கே இறங்குவேன்?” இது வெறும் பழக்கமல்ல, சட்டம். இரட்டை இயந்திர விமானம் ஒன்று, ஓர் இயந்திரத்தோடு குறித்த நிமிடங்களுக்குள் போய்ச் சேரக்கூடிய விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும்படியே பறக்க வேண்டும். முதலில் அந்த எல்லை 60 நிமிடமாக இருந்தது. 1985இல் 120 நிமிடத்துக்கும் 1988இல் 180 நிமிடத்துக்கும் அனுமதி கிடைத்தது.

சிமுலேட்டரில் இதை எப்படிச் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். இதற்கு எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். நான்கு நிரல் கோடு போட்டு நேரம், இடம், மிச்ச எரிபொருள், அருகில் இறங்கக்கூடிய விமான நிலையம் என்று எழுதிக்கொள்கிறேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி. பத்து மணித்தியாலத்துக்கு இருபது வரி. ஒரு வரி எழுத மூன்று நான்கு நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் அதே மேசையில் பாடப் புத்தகம் திறந்திருக்கும். கடிகாரம் அழைக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

இருபது வரியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், தோழியரே. முதலில் புவியியல் இருக்கிறது. அருகில் இறங்கக்கூடிய இடம் எது என்று தேடும்போதுதான் மஸ்கட் எங்கே, தபிரீஸ் எங்கே, திரப்சோன் எங்கே என்று தெரிகிறது. பெயராக மட்டும் கேட்ட ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வழியில் வந்து உட்காருகின்றன. அடுத்தது கணிதம். இணைந்த கணிதத்தில் சார்பு இயக்கம் படிப்பவர்களுக்கு, காற்றில் பறந்து போய்த் திரும்பும் விமானக் கணக்கு எவ்வளவு தலையிடி என்று தெரியும். 1,000 கிலோமீற்றர் தூரத்தை 900 கிலோமீற்றர் வேகத்தில் போய்வரக் காற்றில்லாத நாளில் 133 நிமிடம் சொச்சம் எடுக்கும். 100 கிலோமீற்றர் வேக எதிர்க்காற்றில் போனால் 75 நிமிடம், அதே காற்று பின்னால் தள்ளத் திரும்பி வந்தால் 60 நிமிடம், மொத்தம் 135. போகும்போது காற்று எடுத்ததை வரும்போது அது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. இதைத் தாளில் நிறுவியபோது எனக்கு மதிப்பெண் கிடைத்தது. திட்டமிட்டதை விட எரிபொருள் குறைந்துகொண்டு போவதைக் கொப்பியில் பார்த்தபோதுதான் அது புரிந்தது.

மூன்றாவது சூரியன். பூமத்திய ரேகையில் பூமி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்கிறது. இலண்டன் இருக்கும் அகலக்கோட்டில் அந்த வேகம் ஏறத்தாழ 1,040 மட்டுமே. 900 கிலோமீற்றரில் மேற்கே போகும் விமானம் சூரியனைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துக்கொண்டே போகிறது. ளுஹருக்குப் பிறகு கொழும்பில் புறப்பட்டால் மஃரிப் தள்ளித் தள்ளிப் போகும். திரும்பி வரும் பயணத்தில் இரவு சுருங்கி சுபஹு ஓடி வரும். உம்ராவுக்கும் வெளிநாட்டுக்கும் போய்வந்த பெரியவர்கள் விமானத்தில் தொழுகை நேரம் குழம்பியதைச் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் குழப்பத்தின் காரணம் திரையில் நம் கண்முன்னே மெல்ல மெல்ல விரிகிறது. 16 மடங்கு வேகத்தில் ஓட்டுபவருக்கு அது ஒரு மின்வெட்டுப் போல முடிந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய வட்சிம் என்ற இணைய வலையமைப்பில் உலகெங்கும் உள்ள சிமுலேட்டர் விமானிகள் ஒன்றாகப் பறக்கிறார்கள்; கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து பேசுபவர்களும் உண்மையான மனிதர்களே. இணைப்பில் இருக்கும் விமானத்தை 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. சம்பளம் இல்லை, பயணி இல்லை, விழுந்தால் யாருக்கும் காயமில்லை. இருந்தும் விட்டுப் போகாதே என்கிறார்கள். வேறொருவர் அதே வானத்தில் நம்மை நம்பிப் பறக்கிறார் என்பதே காரணம்.

இனிப் பெற்றோரின் தரப்பைப் பார்ப்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

மின்சாரக் கட்டணம் முதலாவது. பெரிய கணினி ஒன்று 300 வாற்று இழுத்தால் பத்து மணித்தியாலத்துக்கு 3 அலகு. மடிக்கணினி 60 வாற்று என்றால் 0.6 அலகு. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சின்ன விடயமல்ல. ஆகவே தினமும் ஓட்டுவது சரியல்ல. ஆளில்லாமல் இரவு முழுவதும் ஓடவிடுவது அதைவிடத் தப்பு. நித்திரையில் இருப்பவர் ஓட்டும் விமானத்துக்கும் வீணாக எரியும் மின்குமிழுக்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது கண்ணும் உடம்பும். திரையை இமைக்காமல் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உண்மை விமானிகளும் நெடுந்தூரப் பயணத்தில் முறைவைத்து ஓய்வெடுக்கிறார்கள். அதற்காகவே கூடுதல் விமானிகள் ஏறுகிறார்கள். நாம் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டு வேலைக்கும் எழுந்து போகலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து ஒரு வரி எழுதினால் போதும். கவனம் என்பது முறைத்துப் பார்ப்பதல்ல. தவறாமல் திரும்பி வருவது.

மூன்றாவது பரீட்சை. இதில் நான் பெற்றோர் பக்கம். உயர்தரம் எழுதும் வருடத்தில் வாரம் ஒரு இலண்டன் பயணம் யாருக்கும் கட்டாது. தவணை விடுமுறைக்கு ஒன்று போதும். சிமுலேட்டரில் பறந்த நேரம் எந்த விமானப் பயிற்சி நிலையத்தின் கணக்கிலும் சேராது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். “நான் போயிங் ஓட்டுவேன்” என்று இதை வைத்துச் சொல்பவர், சமையல் புத்தகம் வாசித்துவிட்டு வட்டிலப்பம் செய்வேன் என்பவரைப் போன்றவர்.

ஆனால் நான்காவதாக ஒரு தடை இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல வீடுகளில் கணினி நானாவின் மேசையில் இருக்கிறது. அவர் மூன்று மணித்தியாலம் இருந்தால் “பொடியன் ஏதோ விளையாடுறான்” என்பார்கள். அதே கதிரையில் நாம் ஒரு மணித்தியாலம் இருந்தால் “குசினியில் வேலை ஒன்றும் இல்லையா?” என்பார்கள். நம் பெற்றோர் அன்பில்லாதவர்கள் என்பது இதன் பொருளல்ல. விமானம் என்றால் ஆண்பிள்ளையின் விடயம் என்று எப்போதோ மனதில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பதிவை அழிக்க உண்மைகள் இருக்கின்றன. 2016 பெப்ரவரியில் ரோயல் புருணை நிறுவனத்தின் போயிங் 787 விமானம் ஒன்றை, விமானியறையில் பெண்கள் மட்டுமே இருந்து புருணையில் இருந்து ஜித்தா வரை ஓட்டினார்கள். தூரம் 8,000 கிலோமீற்றருக்கு மேல். கப்டன் ஷரீபா ஸரீனா தலைமை தாங்கினார். அவர்கள் இறங்கிய நாட்டில் பெண்கள் கார் ஓட்ட 2018 ஜூனில்தான் அனுமதி வந்தது. 2021 ஜனவரியில் எயார் இந்தியாவின் நான்கு பெண் விமானிகள், கப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வடதுருவத்துக்கு மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கினார்கள். ஏறத்தாழ 17 மணித்தியாலம். துருவப் பகுதியில் அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களே அரிது, “இப்போது எங்கே இறங்குவேன்?” என்ற கேள்வி அங்கே எவ்வளவு கனத்திருக்கும்! அந்தப் பதினேழு மணித்தியாலமும் நொடி தவறாமல் விழிப்போடு இருந்ததற்குத்தான் கைதட்டல். புறப்படுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும் அல்ல.

நான் எல்லாரையும் விமானியாகச் சொல்லவில்லை. நம் வகுப்பில் ஆசிரியராக, தாதியாக, கணக்காளராக வர விரும்புபவர்கள்தான் கூட. ஆனால் எந்தத் தொழிலிலும் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிடத்தில் எல்லாம் நடக்கும். இரவு விடுதியில் நோயாளிகளைப் பார்க்கும் தாதிக்கும், கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாய்க்கும் அது தெரியும். நம் உம்மாமார் ஓட்டோபைலட் இல்லாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

காத்திருப்பது நம் தலைமுறைக்கும் புதிதல்ல. உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் வரை மாதங்கள் ஓடும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நம் வீடுகளில் அக்காமார் அந்த நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று பார்த்திருக்கிறோம். சிலர் அதற்குள் ஒரு மொழியைப் படித்தார்கள், ஒரு தொழிலைப் பழகினார்கள். சிலருக்கு அந்த மாதங்கள் கைத்தொலைபேசியோடு கரைந்தன. அந்தக் காலத்தை வேகமாக்கும் விசை எதுவும் கிடையாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி எழுதப் பழகியவளுக்கு அந்த மாதங்களில் நாளுக்கு ஒரு வரியாவது எழுத வரும்.

நாம் வாழும் மண்ணும் இதையே சொல்கிறது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அன்று பெயர் சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. பிறகு போர் வந்தது. சாதாரண மக்கள் சென்னைக்குப் பறந்த அந்த வழி பல தசாப்தங்கள் மூடிக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சில மாதங்களில் கொரோனாவால் மீண்டும் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. நம் சமூகத்தின் காத்திருப்பு அதைவிட நெருக்கமானது. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் புத்தளத்திலும் வேறிடங்களிலும் வருடக்கணக்கில் இருந்துதான் ஒவ்வொன்றாகத் திரும்பின. இன்னும் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், தொழில் செய்தார்கள், காணி உறுதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பொழுதைக் காப்பது என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே தோழியரே, வரும் விடுமுறையில் வாய்ப்புள்ளவர்கள் ஒரேயொரு நெடுந்தூரப் பயணத்தை முழுநேரத்தில் ஓட்டிப் பாருங்கள். வேகமாக்கும் விசையைத் தொடாதீர்கள், கொப்பியை மறக்காதீர்கள். கணினி இல்லாதவர்கள் ஒரு தோழியின் வீட்டில் முறைவைத்து இரண்டு பேராக ஓட்டலாம். உண்மை விமானத்திலும் இரண்டு பேர்தானே இருக்கிறார்கள்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மகள் எத்தனை மணித்தியாலம் திரைக்கு முன் இருந்தாள் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவளுடைய கொப்பியை வாங்கிப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் கணினியை நிறுத்துங்கள். அது உங்கள் உரிமை. இருபது வரி இருந்தால் ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, “இந்த நேரத்தில் இயந்திரம் நின்றிருந்தால் எங்கே இறங்கியிருப்பாய்?” என்று கேளுங்கள். அவள் தயங்காமல் ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், பதினொரு மணித்தியாலம் பறந்து அவள் எங்கே போனாள் என்பது உங்களுக்கே விளங்கும்.

— உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி, உடுவில்